அழுத கண்ணீர் அடுத்த எபிசோடில் எங்கே போகிறது?

காலை நேரம். ஒரு தாய் மகளை எழுப்பக் குரல் கொடுக்கிறாள். பதில் இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் அறை காலி. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டுக் கடைசியில் கணவனை அழைக்கிறாள். அவன் ஒரு ஹோட்டலில் வியாபாரப் பேச்சில் இருக்கிறான். அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஊர்க் காவல் அதிகாரி தன்னைத் தேடி வருவதைப் பார்த்துவிடுகிறான். செய்தியை இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் தாய்க்குப் புரிந்துவிடுகிறது. ரிசீவர் அவன் கையைவிட்டு நழுவுகிறது. தொங்கும் அந்தக் கருவிக்குள்ளிருந்து அவளுடைய அலறல் வந்துகொண்டே இருக்கிறது.

1990 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ட்வின் பீக்ஸ்' தொடரின் முதல் எபிசோட் இது. துப்பறியும் தொடர்களில் அதற்கு முன்பும் வாரா வாரம் பிணம் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கெல்லாம் பிணம் ஒரு புதிர். உறவினர் ஒருவர் கைக்குட்டையோடு இரண்டு வரி பேசிவிட்டு ஒதுங்கிவிடுவார், விசாரணை தொடங்கிவிடும். இங்கே கேமரா ஒதுங்கவில்லை. பள்ளிக்குப் போகிறது, வகுப்பில் காலியாகக் கிடக்கும் நாற்காலியைக் காட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு மாணவி கத்திக்கொண்டு ஓடுகிறாள். மைக்கில் செய்தியை அறிவிக்கும் தலைமையாசிரியரின் குரல் உடைகிறது. கொன்றது யார் என்று கேட்பதற்கு முன்னால், அவள் எத்தனை பேருக்கு வேண்டியவளாக இருந்தாள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கதை நகர்கிறது.

சினிமாவிலும் இப்படி ஒரு காட்சியை எடுக்கலாம். தொலைக்காட்சித் தொடருக்கு மட்டும் கிடைக்கும் வசதி வேறு. அது அடுத்த வாரமும் வரும், அடுத்த வருடமும் வரும். இறந்தவர் உட்கார்ந்த அதே சோபா, அதே சாப்பாட்டு மேசை, அதே வீட்டு ஆட்கள். துக்கமும் அப்படித்தான் வேலை செய்கிறது. முதல் நாள் கதறலை நாலு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்வார்கள். நாலாவது மாதம், எந்தக் காரணமும் இல்லாத ஒரு மதிய நேரத்தில், அலமாரியில் ஒரு பழைய சட்டை கைக்குத் தட்டுப்படும்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அதனால் ஒரு தொடர் துக்கத்தை உண்மையாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அழுகைக் காட்சி எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பதை நான் அளவுகோலாக வைத்துக்கொள்வதில்லை. அதற்கடுத்த எபிசோடைப் பார்க்கிறேன். அப்புறம் பத்து எபிசோட் தள்ளிப் பார்க்கிறேன். அங்கே அந்த இழப்பு இன்னும் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. அதற்கு வணிகக் காரணம் ஒன்று உண்டு. வாராந்திரத் தொடர்கள் முதல் ஒளிபரப்பு முடிந்ததும் மறு ஒளிபரப்புக்கு விற்கப்பட்டன. வாங்கிய நிலையங்கள் எபிசோடுகளை எந்த வரிசையிலும் போடலாம். ஆகவே ஒவ்வொரு எபிசோடும் தன்னளவில் தொடங்கித் தன்னளவில் முடிய வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. நாயகனின் காதலி அவன் மடியிலேயே உயிர்விட்டாலும், அடுத்த வாரம் அவன் சிரித்த முகத்தோடுதான் வருவான். நினைவு இல்லாத இடத்தில் துக்கத்துக்கு இடமேது?

இதில் என்னை மிகவும் பாதித்த உதாரணம் ஒரு நகைச்சுவைத் தொடரிலிருந்து வருகிறது. 1974-ல் தொடங்கிய 'ஹேப்பி டேஸ்' தொடரில் அந்தக் குடும்பத்துக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் சக், கூடைப்பந்தும் கையுமாக வந்து போவான். இரண்டாவது சீசனுக்குப் பிறகு அவனைக் காணவில்லை. இறக்கவில்லை, வெளியூர் போகவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை. 1984-ல் கடைசி எபிசோடில், மகளின் திருமணத்தில் பேசும் தந்தை தனக்கு இரண்டே பிள்ளைகள் என்பது போலப் பேசுகிறார். ஒரு பிள்ளையைக் குடும்பமே மறந்துவிட்டது, மறந்ததும் அதற்குத் தெரியவில்லை. எழுதியவர்கள் இதைக் கொடுமையாக நினைத்துச் செய்யவில்லை என்பது சரிதான். ஆனால் கைவிடப்படுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் குளிர்ந்த உதாரணத்தைத் தொலைக்காட்சியில் நான் பார்த்ததில்லை.

தொடர்களில் மரணமும் பிரிவும் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு நடிகர் விலகுகிறார். ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், சம்பளத்தில் ஒத்துவராமல் போயிருக்கலாம், உடல்நிலை சரியில்லாமல் இருக்கலாம். எழுத்தாளர் முன்னால் இருப்பவை மூன்று கதவுகள்: கதாபாத்திரத்தைக் கொல்வது, தூரத்து ஊருக்கு அனுப்புவது, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று வேறு முகத்தைக் கொண்டுவருவது. இரண்டாவது கதவுதான் வலியில்லாதது என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். தூரத்து ஊருக்குப் போன அந்த அம்மா, மகளின் திருமணத்துக்கு வருவதில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது போன்கூடச் செய்வதில்லை. நடிகர் திரும்பி வர மாட்டார் என்பதால், பாசமான ஒரு தாய் பிள்ளைகளை விட்டுப் போனவளாக ஆகிவிடுகிறாள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

முதல் கதவை நேர்மையாகத் திறந்த தொடர்களில் 'மாஷ்' முக்கியமானது. கொரியப் போர்க்களத்தில் இயங்கும் ஒரு ராணுவ மருத்துவமனையின் கதை. 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான எபிசோடில், மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக் பணி முடிந்து வீடு திரும்புகிறார். கட்டிப்பிடித்து வழியனுப்புகிறார்கள். தொடரைவிட்டு விலகும் நடிகருக்கு நல்லபடியாக ஒரு விடை கொடுத்தாயிற்று என்று பார்ப்பவர் நினைக்கும்போது, உதவியாளன் ராடார் அறுவை அரங்குக்குள் முகமூடிகூட அணியாமல் வருகிறான். பிளேக் போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று வாசிக்கிறான். அந்தக் கடைசிப் பக்கம் பெரும்பாலான நடிகர்களிடம் முன்கூட்டியே காட்டப்படவில்லை. ஒரு கருவி தரையில் விழும் சத்தம் கேட்கிறது. மருத்துவர்கள் கண்களில் நீரோடு தைத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஏனென்றால் மேசையில் கிடப்பவனின் வயிறு திறந்திருக்கிறது.

தன் கண்ணீர்க் காட்சிகளில் தொலைக்காட்சி அதிகம் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அழுவதற்கு நேரம் ஒதுக்கித் தருகிற இழப்பு அபூர்வம். குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டியிருக்கும், அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும், எந்தக் காகிதத்திலோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அந்த எபிசோடைப் பார்த்துக் கோபப்பட்டுப் பலர் கடிதம் எழுதினார்கள். நகைச்சுவைத் தொடரில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். எச்சரிக்கை கொடுத்துவிட்டு வரும் மரணத்துக்குத் தொலைக்காட்சி அவர்களைப் பழக்கியிருந்தது. அதுதான் அந்தக் கோபத்தின் அடியில் இருந்தது என்று நினைக்கிறேன்.

குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று எழுதித் தப்பித்திருக்கலாம். தயாரிப்புக் குழு குழந்தை மனவியல் தெரிந்தவர்களோடு கலந்து பேசியது. உண்மையையே சொல்வது என்று முடிவெடுத்தது. அந்தப் பகுதி 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பானது. அன்று அங்கே பண்டிகை விடுமுறை. பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த நாள்.

அதில் பொம்மைக் கதாபாத்திரமான பெரிய மஞ்சள் பறவை, தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வருகிறது. ஹூப்பருக்கு வரைந்தது மட்டும் கையில் மிஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். சரி, திரும்பி வரும்போது கொடுக்கிறேன் என்கிறது பறவை. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஒருவர் மெதுவாகச் சொல்கிறார். பறவை விடுவதாக இல்லை. ஏன் இப்படி ஆக வேண்டும் என்று கேட்கிறது. பெரியவர்களிடம் அதற்குப் பதில் இல்லை, இருப்பது போல அவர்கள் நடிக்கவும் இல்லை. 'தூங்குகிறார்', 'பயணம் போயிருக்கிறார்' என்ற மழுப்பல் எதுவும் கிடையாது. சில நிமிடங்களே வரும் அந்தக் காட்சியை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. முப்பது நாற்பது எபிசோடுக்கு இழுக்கப்படும் மரணங்களில் இந்த நேர்மையில் பாதிகூட இருப்பதில்லை.

நடிகரே இறந்துபோகும்போது திரையில் தெரியும் துக்கம் இரட்டையாகிறது. 2013 ஜூலையில் 'க்லீ' தொடரின் நாயகர்களில் ஒருவரான கோரி மான்டீத் இறந்தார். மூன்று மாதத்துக்குள் அவருடைய கதாபாத்திரத்துக்கு அஞ்சலியாக ஒரு எபிசோட் வந்தது. கதாபாத்திரம் எப்படி இறந்தது என்று அதில் சொல்லவில்லை. அந்த முகங்களில் நடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் பார்ப்பது சங்கடமாக இருந்தது. இன்னொரு வகையில் அதுவே சரியாகவும் இருந்தது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டிய எபிசோட் ஒன்று உண்டென்றால் அது 2001 பிப்ரவரியில் வந்த 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரின் ஒரு பகுதிதான். ரத்தக் காட்டேரிகளோடு சண்டையிடும் இளம்பெண்ணின் கதை. வாரா வாரம் யாராவது சாவார்கள். ஆனால் இந்த வாரம் அவளுடைய அம்மா. காரணம் எந்தப் பேயும் இல்லை, மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. வீட்டுக்குள் நுழையும் மகள் சோபாவில் அம்மா அசையாமல் கிடப்பதைப் பார்க்கிறாள்.

அந்த எபிசோடில் பின்னணி இசை இல்லை. சுத்தமாக இல்லை. தெருவில் குழந்தைகள் விளையாடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கிறது. முதலுதவி செய்யும் மகளின் கைக்கடியில் அம்மாவின் விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கிறது. ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வருவதற்கு முன் அம்மாவின் பாவாடையை இழுத்துச் சரிசெய்கிறாள். மருத்துவ ஊழியர் பேசும்போது அவள் காதில் வார்த்தைகள் சரியாக விழுவதில்லை. கேமராவும் அவருடைய முழு முகத்தைக் காட்டாமல் வாயருகே நிற்கிறது. துணைக்கு வர வேண்டிய தோழி, எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்று முடிவெடுக்க முடியாமல் அழுகிறாள். இது அற்பம் என்று தோன்றலாம். அந்த மாதிரி ஒரு நாளைக் கடந்து வந்தவர்களுக்குத் தெரியும், மனம் பெரிய விஷயத்தைத் தூக்க முடியாதபோது கையில் கிடைக்கும் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

தங்கைக்குச் செய்தி சொல்லும் காட்சி அதைவிட நுணுக்கமானது. அவள் ஓவிய வகுப்பில் இருக்கிறாள். பொருளை வரையாதே, பொருளைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை வரை என்பது அன்றைய பாடம். அக்கா வந்து அவளை வகுப்புக்கு வெளியே கூட்டிப்போகிறாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்குப் பேச்சு கேட்பதில்லை, தங்கை கீழே சரிவது மட்டும் தெரிகிறது.

தினசரி மெகா தொடர்களின் பழக்கம் இதற்கு நேரெதிர். இடி, மின்னல், ஒரே முகத்தை மூன்று முறை குளோசப்பில் காட்டுவது, வீட்டில் இருக்கும் பத்து பேரின் அதிர்ச்சியையும் வரிசையாகக் காட்டுவது, மேலே ஒரு சோகக் குரல். பலர் இதை மட்டம் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வடிவத்துக்கும் காரணங்கள் உண்டு. வேலை செய்துகொண்டே பார்ப்பவர்களுக்காக எடுக்கப்படுபவை அவை. கண் திரையில் இல்லாதபோதும் காது கதையைப் பின்தொடர வேண்டும், அதனால்தான் இசை முந்திக்கொண்டு அழுகிறது. தினம் ஒரு எபிசோட் எடுக்கிற அவசரத்தில் புதிய இடங்களைத் தேட முடியாது, இருக்கும் அரங்கும் முகங்களும்தான் முதலீடு. அப்புறம், முக்கியமான திருப்பத்தை நீட்டினால்தான் நாளைக்கும் பார்ப்பார்கள்.

என் குறை சத்தத்தைப் பற்றியது இல்லை. இரண்டு வாரம் அந்த வீடு முழுக்க அழுகிறது. மூன்றாவது வாரம் சொத்துத் தகராறு தொடங்கியதும் இறந்தவர் சுவரில் மாட்டிய படமாகச் சுருங்கிவிடுகிறார். யாராவது சபதம் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். இவ்வளவுக்கும், இந்த வகைத் தொடருக்கு மற்ற எதற்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. அதன் காலண்டரும் பார்ப்பவரின் காலண்டரும் ஒன்றாக ஓடுகின்றன. இறந்து ஒரு வருடம் ஆனால் நிஜமாகவே ஒரு வருடம் ஆகியிருக்கும். அந்த நாளில் ஒரு மகள் எதுவும் பேசாமல் சமையலறையில் நிற்பதை இரண்டு நிமிடம் காட்டினாலே போதும்.

இறந்தவரைத் திரும்பக் கொண்டுவருவது இன்னொரு சிக்கல். 'டாலஸ்' தொடரில் பாபி யூவிங் 1985-ல் இறந்தார். மறுபடி அவரை மணக்க இருந்த முன்னாள் மனைவி பாம் ஒரு முழு சீசன் அவர் இல்லாமல் வாழ்ந்தாள். 1986-ல் அவர் உயிரோடு குளியலறையில் நின்றார். இடைப்பட்ட சீசன் அத்தனையும் அவள் கண்ட கனவு என்றார்கள். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் 1989-ல் சுடப்பட்டு இறந்ததாகக் கருதப்பட்ட டென் வாட்ஸ், 14 வருடம் கழித்து 2003-ல் மகள் முன்னால் உயிரோடு வந்து நின்றார். அவளுக்கு அது வெறும் மகிழ்ச்சியாக எப்படி இருக்கும்? செத்துப்போன அப்பாவுக்காக இத்தனை வருடம் அழுதிருக்கிறாள். இப்போது அவர், இருந்தும் வராமல் இருந்த அப்பா ஆகிவிட்டார். மரணம் ஒரே நொடியில் கைவிடலாக மாறுகிறது. எழுதுகிறவருக்கு இவ்வளவு ஆழமான கிணறு அமைவது அபூர்வம். பெரும்பாலான தொடர்கள் அதிர்ச்சி முகத்தோடு எபிசோடை முடித்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்காமலே போய்விடுகின்றன.

அதே 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடர் 2010 கடைசியில் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. பச்சிளம் குழந்தை தொட்டிலில் தூக்கத்திலேயே இறந்துவிடுகிறது. தாய் தன் இறந்த குழந்தையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு மாற்றி வைத்துவிடுகிறாள். ஆயிரக்கணக்கானவர்கள் புகார் செய்தார்கள். குழந்தையை இழந்த தாய்மார்கள் சொன்னது ஒன்றுதான்: நாங்கள் இடிந்துபோனோம், ஆனால் இன்னொருத்தியின் பிள்ளையைத் திருட நினைக்கவில்லை. திட்டமிட்டதைவிடச் சீக்கிரமாக அந்தக் கதையை முடித்தார்கள். துக்கத்தைக் குற்றத்துக்கான காரணமாகப் பயன்படுத்துவது திரைக்கதைக்குச் சுலபம். திரைக்கு இந்தப் பக்கம் அதே இழப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு அது அவதூறு.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்ற நம்பிக்கையும் தொடர்களின் வழியாகவே நிறையப் பரவியது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய நூலிலிருந்து வந்தது இது. அவர் பேசியது சாகப்போகும் நோயாளிகளோடு. நெருங்கியவரை இழந்து நிற்பவர்களுக்கென்று முதலில் வரைந்த படம் அது இல்லை. ஆனால் எழுத்தாளர்களுக்கு இது வசதி. ஐந்து படிகள், ஐந்து எபிசோடுகள், கடைசிப் படியில் ஒரு புன்னகை. 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் சொன்னது வேறு மாதிரி. இழந்தவர் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் இழப்புக்குள் மூழ்குகிறார், கொஞ்ச நேரம் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றாட வேலைகளைப் பார்க்கிறார், மறுபடி மூழ்குகிறார். இந்த ஆட்டமே சமாளிக்கும் வழி. படி ஏறி முடித்தவர் என்று யாரும் இல்லை.

இதைத் தெரிந்தோ தெரியாமலோ அழகாகக் காட்டியது 2015-ல் வந்த கொரியத் தொடர் 'ரிப்ளை 1988'. பாட்டி இறந்துவிட்டாள். பேத்தி அழுதபடி துக்க வீட்டுக்குப் போகிறாள். அங்கே அப்பாவும் அத்தைகளும் வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குத் துக்கமே இல்லையா என்று அவளுக்குக் குழப்பம். வெகுநேரம் கழித்து, வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் மூத்த அண்ணன் வந்து சேர்கிறார். அவரைப் பார்த்த கணத்தில் அத்தனை பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குழந்தைகள் மாதிரி கதறுகிறார்கள். பெரியவர்கள் தாங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் என்று அவளுக்கு அப்போது புரிகிறது.

'சக்ஸஷன்' தொடரில் 2023 ஏப்ரலில் வந்த தந்தையின் மரணமும் போனில்தான் நடக்கிறது. அவர் விமானத்தில், பிள்ளைகள் ஒரு கப்பலில். அந்த முனையில் யாரோ அவர் காதருகே போனைப் பிடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். அவருக்குக் கேட்கிறதா, உயிர் இருக்கிறதா என்று தெரியாமலே ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். 'உன்னை மன்னிக்க முடியாது' என்பதும் 'உன்னை நேசிக்கிறேன்' என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. இளைய மகன் ரோமன், நான் முன்கூட்டியே துக்கப்பட்டு முடித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சில எபிசோடுகள் கழித்து, இறுதிச் சடங்கில் பேச எழுந்தவன் சவப்பெட்டியைப் பார்த்ததும் நொறுங்கிவிடுகிறான். அடுத்த எபிசோடிலும் இழப்பு இருக்கிறதா என்று கேட்டேனே, இந்தத் தொடரில் இருந்தது.

இன்னும் நிதானமாகச் செய்தவையும் உண்டு. 2007-ல் வந்த டென்மார்க் தொடர் 'ஃபோர்பிரூடெல்சன்' ஒரு இளம்பெண்ணின் கொலையை 20 எபிசோடுகளில், எபிசோடுக்கு ஒரு நாள் என்று விசாரித்தது. போலீஸுக்கும் அரசியல்வாதிக்கும் ஈடாக அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் நேரம் கொடுத்தது. 20 நாளும் அந்த வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு சவ அடக்க நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தின் கதையான 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' (2001–2005), தந்தையை முதல் எபிசோடிலேயே சாகடித்துவிட்டு, அப்புறமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வைத்தது. ஆவியாக இல்லை, அவர்கள் மனதில் ஓயாத குரலாக. இறந்தவரோடு உள்ள உறவு அறுபடுவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது என்று 1990-களில் ஆய்வாளர்கள் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான உருவம் திரையில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. 'திஸ் இஸ் அஸ்' தொடரோ வரிசையையே மாற்றியது. அப்பா இல்லை என்பதைச் சீக்கிரமே சொல்லிவிட்டு, அவர் எப்படி இறந்தார் என்பதை 2018-ல், இரண்டாவது சீசனில்தான் காட்டியது. அதற்குள் நாற்பதை நெருங்கும் அந்த மூன்று பிள்ளைகள் அந்த நாளை ஆளுக்கொரு விதமாகச் சுமந்து திரிவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

இனி கைவிடப்படுதல். இங்கே தொலைக்காட்சி திணறுகிறது. திணறுவதற்குக் காரணம் இருக்கிறது. மரணத்துக்கு ஒரு தேதி உண்டு, ஒரு உடல் உண்டு, வந்து தோளைத் தொட நாலு பேர் உண்டு. விட்டுப்போன கணவனுக்காக, வீட்டைவிட்டுப் போன அம்மாவுக்காக யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. வந்தால் 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்கிறார்கள். போனவர் உயிரோடு எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வேறு. பாலின் பாஸ் என்ற குடும்ப நல ஆய்வாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசிப் பேசி, இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். முடிவு தெரியாததால் துக்கமும் உறைந்துவிடுகிறது என்றார். சமூகம் துக்கமாகவே ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989-ல் கென்னத் டோகா எழுதினார். கைவிடப்பட்டவரின் நிலை இந்த இரண்டும் சேர்ந்தது.

தொடர்கள் பொதுவாக இதை இரண்டு வழியில் தீர்த்துவிடுகின்றன. விட்டுப்போன கணவனுக்கு மனைவி பாடம் கற்பிக்கிறாள். விட்டுப்போன பெற்றோர் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து ஒரு காரணம் சொல்கிறார்கள், ஒரு அணைப்பில் எல்லாம் கரைந்துவிடுகிறது. பழிவாங்கலும் மறுசந்திப்பும் கதையை ஓட்டுபவை, அதனால் அவற்றை விட மனம் வருவதில்லை. இரண்டிலும் விடுபட்டுப்போவது காத்திருப்பு. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்புவது. என்னிடம் என்ன குறை என்று பத்து வயதில் கேட்ட கேள்வியை நாற்பது வயதிலும் கேட்பது.

காத்திருப்பை நேராகப் பார்த்த தொடர் 'த லெஃப்ட்ஓவர்ஸ்' (2014–2017). ஒரே கணத்தில் உலக மக்களில் 2 சதவீதம் பேர் மறைந்துவிடுகிறார்கள். ஏன், எங்கே என்று தெரியாது. நோரா என்ற பெண்ணுக்குக் கணவனும் இரண்டு குழந்தைகளும் போய்விட்டார்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டதைக் கடையில் வாங்கிவந்து அலமாரியில் அடுக்குகிறாள், பழையதைத் தூக்கிப் போடுகிறாள். அழுகை இல்லை. தொடரின் மூன்று சீசன்களும் அந்த மறைவுக்கு உறுதியான விளக்கம் எதையும் தரவில்லை, அதுவே அதன் நேர்மை. 1999-ல் தொடங்கிய 'த சொப்ரானோஸ்' இதே வலியை இன்னும் சின்னதாகச் சொன்னது. நீச்சல் குளத்துக்கு வந்த வாத்துக் குடும்பம் ஒரு நாள் பறந்து போகிறது. அதைப் பார்த்து ஒரு ரவுடிக் கூட்டத் தலைவன் மூச்சு முட்டி விழுகிறான். எதற்கு விழுந்தோம் என்று அவனுக்கே தெரியாது. பிறகு மனநல மருத்துவரிடம் அந்த வாத்துகளைப் பற்றிப் பேசும்போது, குடும்பத்தை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறேன் என்று சொல்லி அழுகிறான்.

1994 மே மாதம் வந்த 'த ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' தொடரின் ஒரு எபிசோடோடு நிறுத்திக்கொள்கிறேன். வில் என்ற இளைஞன் மாமா வீட்டில் வளர்கிறான். 14 வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன அப்பா திடீரென்று வருகிறார். சிரித்துப் பழகுகிறார், என்னோடு ஊர் சுற்ற வா என்கிறார். வில் பெட்டியைக் கட்டிவிட்டான். அப்பா மறுபடி நழுவுகிறார். போகட்டும், எனக்கென்ன என்று வில் மாமாவிடம் அடுக்குகிறான். அவர் இல்லாமலே பந்து போடக் கற்றுக்கொண்டேன், அவர் இல்லாமலே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன், அவர் இல்லாமலே எல்லாம் செய்துகொள்வேன். குரல் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கிறது. அவருக்கு ஏன் நான் வேண்டாம் என்று கேட்கிறான். மாமா பதில் சொல்லவில்லை, இழுத்து அணைத்துக்கொள்கிறார். அந்த எபிசோடில் அப்பா மன்னிப்புக் கேட்கத் திரும்பி வரவில்லை. கேமரா இருவரையும் விட்டு மெதுவாக விலகி, அப்பாவுக்குக் கொடுக்க வில் வாங்கி வைத்திருந்த பரிசைக் காட்டுகிறது. ஒரு தந்தை பிள்ளையைத் தாங்கிப் பிடித்திருக்கும் சின்னச் சிலை.